ஒழுகும் ஹீற்றரும் சூடேறும் எஞ்சினும்: பழைய பிக்கப் வைத்திருப்போருக்கு ஒரு பாடம்

இடம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பம் எதையெல்லாம் விட்டுவிட்டு வந்தது என்று எண்ணத் தொடங்கினால் எண்ணி முடியாது. வளவு, கிணறு, பட்டியில் நின்ற மாடு, கட்டி வைத்த விதைநெல் என்று அது நீளும். கையில் மிஞ்சியதை எண்ணுவது சுலபம். சில குடும்பங்களிடம் ஒரு பழைய பிக்கப் மிஞ்சியிருக்கிறது. சில இடங்களில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை வாங்கி வைத்திருக்கின்றன. விதையும் பசளையும் வட்டைக்குப் போவது அதில்தான். அறுத்த நெல் ஆலைக்கு வருவதும் அதில்தான். நடுச்சாமத்தில் பிள்ளைப்பேற்று நோவு கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் அதே வண்டிதான்.

2020 மார்ச் மாதத்தில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு வழி மீண்டும் திறந்தது 2025இன் தொடக்கத்தில். இடையில் 2022இன் பொருளாதார நெருக்கடியும் வந்து போனது. ஆகவே 30, 35 வருடம் ஓடிய ஜப்பானிய பிக்கப்களையும் நம்மவர்கள் கைவிடாமல் ஓட்டி வருகிறார்கள். வண்டி பழசாக இருப்பதில் குற்றமில்லை. பழைய வண்டிக்கு வரும் பழைய நோய்களை அறியாமல் இருப்பதுதான் நட்டம். அப்படிப்பட்ட நோய்களுள் ஒன்றை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

ஓர் உதாரணம்

பெரும்போக அறுவடை நடக்கும் மாசி மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்மாந்துறைப் பக்கத்து வட்டையிலிருந்து நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒரு பிக்கப் கல்முனைக்கு வருகிறது. ஓட்டுகிறவர் ஓர் இளைஞர். பக்கத்து ஆசனத்தில் நெல்லுக்குரிய பெரியவர் அமர்ந்திருக்கிறார்.

"தம்பி, காலுக்குக் கீழ நனைஞ்சு கிடக்கே?"

"மழைத் தண்ணி காக்கா. கண்ணாடி றப்பரால இறங்குது."

"மழை விட்டு ஒரு மாசம் ஆகுது தம்பி. இது எந்த மழைத் தண்ணி?"

இளைஞர் சிரித்துவிட்டு ஓட்டுகிறார். காலையில் றேடியேற்றருக்கு ஒரு போத்தல் தண்ணீர் விட்டதும், முந்திய நாள் ஒரு போத்தல் விட்டதும் அவருக்கு நினைவிருக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீரையும் காலடியில் கிடக்கும் ஈரத்தையும் அவர் சேர்த்துப் பார்க்கவில்லை. இன்னும் மூன்று கட்டை தூரம் போனதும் எஞ்சின் இழுவை குறைகிறது. கருகிய வாடை வருகிறது. வண்டி நின்றுவிடுகிறது. சூட்டைக் காட்டும் ஊசியோ கீழேயே கிடக்கிறது.

கராஜில் கழற்றிப் பார்த்தால் ஹெட் வளைந்திருக்கும், ஹெட் கஸ்கட் எரிந்திருக்கும். ஒரு முழப் றப்பர் குழாயும் இரண்டு கிளிப்பும் போட்டுத் தடுத்திருக்கக் கூடிய நட்டம் இது. அந்தப் போகத்தின் இலாபம் முழுவதையும் இதுவே கொண்டு போய்விடும்.

வெயில் நாட்டு வண்டியில் ஹீற்றர் ஏன்?

டீசல் எரியும்போது வரும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சில்லைச் சுற்றுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மீதிச் சூட்டை எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான் வாங்கிக்கொள்கிறது. தண்ணீர்ப் பம்பு அதைச் சுழல விடுகிறது. முன்னாலுள்ள றேடியேற்றர் அதை ஆற்றுகிறது.

குளிர் நாட்டவர்கள் அந்தச் சூட்டில் கொஞ்சத்தை வண்டிக்குள் இருப்பவர்களுக்குத் திருப்பிவிட வழி கண்டார்கள். டாஷ்போர்டுக்குப் பின்னால் கொப்பி அளவில் இன்னொரு சிறிய றேடியேற்றரை வைத்தார்கள். இதைத்தான் ஹீற்றர் கோர் என்கிறோம். எஞ்சினிலிருந்து ஒரு றப்பர் குழாய் சுடுதண்ணீரை அதற்குக் கொண்டு வரும். மற்றக் குழாய் அதைத் திரும்பக் கொண்டு போகும். சிறிய காற்றாடி ஒன்று அதன் ஊடாகக் காற்றை ஊதும். ஜப்பானில் மாரி காலத்தில் பனி கொட்டும். அந்த நாட்டு வீதிகளுக்கென்று செய்யப்பட்டுப் பின்பு இங்கு வந்த வண்டிகளில் ஹீற்றரும் சேர்ந்தே வந்தது.

நுவரெலியாவிலிருந்து விடியற்காலையில் மரக்கறி ஏற்றி வருகிறவருக்கு அது உதவும். கல்முனையில் அதைப் போட்டுப் பார்த்தவர் எவருமில்லை. பலருக்கு அப்படியொன்று வண்டியில் இருப்பதே தெரியாது. நாம் பாவிக்காவிட்டாலும் தண்ணீர் அதற்குள் நின்றுகொண்டேதான் இருக்கும். எஞ்சினின் அழுத்தம் அதன் மேலும் விழும். ஆகவே அது உள்ளிருந்து துருவேறி, அரித்து, ஒரு நாள் ஓட்டை விழுகிறது.

எப்படி அறிந்துகொள்வது?

பக்கத்து ஆசனத்துக் காலடி நனைந்தால் மூன்று காரணங்கள் இருக்கலாம்.

1. மழைத் தண்ணீர்: மழை பெய்த பின் மட்டும் வரும். நிறம் இராது. றேடியேற்றரில் தண்ணீர் குறையாது.

2. ஏசித் தண்ணீர்: ஏசி போட்டால் மட்டும் வரும். சுத்தமாகவும் குளிர்ந்தும் இருக்கும். வெளியே வடியும் சிறு குழாய் மண் அடைத்தால் அது உள்ளே வடியும். குழாயைச் சுத்தம் செய்தால் போதும்.

3. ஹீற்றர்த் தண்ணீர்: வெயில் காலத்திலும் வரும். கூலன்ட் விட்ட வண்டியானால் பச்சையோ சிவப்போ நிறம் இருக்கும், தொட்டால் வழுக்கும், இனிப்பு வாடை அடிக்கும். கூலன்ட் விடாத வண்டியில் துருவின் மண்ணிறம் தெரியும். முன்கண்ணாடியின் உட்புறத்தில் துடைத்தாலும் போகாத பிசுக்குப் படலம் படியும். றேடியேற்றரில் தண்ணீர் நாளுக்கு நாள் இறங்கும்.

ஒரு வெள்ளைத் துணியை அந்த ஈரத்தில் ஒற்றிப் பாருங்கள். நிறத்தையும் வழுக்கலையும் துணியிலேயே காணலாம். நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. காரணத்தைப் பின்னால் சொல்லுகிறோம்.

இன்னும் சந்தேகம் இருந்தால், எஞ்சின் ஆறிய பின் தண்ணீரை நிறைத்து, துணைப் போத்தலில் ஒரு அடையாளம் இடுங்கள். இரண்டு நாள் ஓடிய பின் காலையில் பாருங்கள். தண்ணீர் குறைந்தும் காலடி காய்ந்தும் இருந்தால் ஒழுக்கு வேறிடத்தில். தண்ணீர்ப் பம்பின் அடியையும், பெரிய ஹோஸ்களின் வாயையும், றேடியேற்றரின் மூலைகளையும் பார்க்க வேண்டும். எஞ்சின் எண்ணெய் பால்போலக் கலங்கினாலோ வெண்புகை நிற்காமல் வந்தாலோ தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே போகிறது. அப்போது வண்டியை ஓட்டாமல் கராஜுக்குக் கட்டி இழுங்கள்.

ஊசியை மட்டும் நம்பாதீர்கள்

உதாரணத்தில் எஞ்சின் எரியும் வரை ஊசி ஏன் ஏறவில்லை? அந்த ஊசிக்குச் செய்தி அனுப்பும் சிறு பாகம் எஞ்சின் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும். தண்ணீர் வற்றிவிட்டால் அது வெறும் காற்றிலே நிற்கும். எஞ்சின் இரும்பு பழுத்துக்கொண்டிருக்கும்போதும் ஊசி குளிர் என்று காட்டக் கூடும். ஊசி ஏறுவது ஓர் எச்சரிக்கை. ஏறிய ஊசி திடீரென்று விழுவது அதைவிடப் பெரிய எச்சரிக்கை. உடனே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள்.

நிறுத்தியதும் றேடியேற்றர் மூடியைத் திறக்க ஓடாதீர்கள். அந்த மூடி சாதாரண மூடி அல்ல. பல ஜப்பானிய வண்டிகளின் மூடியில் 0.9 என்று பொறித்திருக்கும். சதுர சென்ரிமீற்றருக்கு 0.9 கிலோ அழுத்தம் வரை அது தண்ணீரை அடக்கி வைக்கும் என்பது பொருள். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதியாது. ஏறத்தாழ 118 பாகை வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த அக்கணமே அழுத்தம் போய், அத்தனையும் கொதித்து முகத்திலே பாயும். குறைந்தது அரை மணி நேரம் ஆற விடுங்கள். மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிற அளவு ஆறிய பின், தடித்த சாக்கால் மூடிப் பிடித்து, முதல் தட்டு வரை மெல்லத் திருப்பி, சீறல் அடங்கிய பின் கழற்றுங்கள். கொதித்த எஞ்சினுக்குள் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும்.

முதல் வழி: ஹீற்றரை விலக்கி விடுதல்

கரையோரத்தில் மட்டும் ஓடும் வண்டிக்கு இதுவே போதும். செலவு குறைவு, வேலையும் ஒரு மணி நேரத்துக்குள் முடியும்.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். றேடியேற்றர் அடியிலுள்ள திருகைத் திறந்து தண்ணீரை வாளியில் பிடியுங்கள். எஞ்சின் அறைக்கும் ஆட்கள் இருக்கும் பகுதிக்கும் நடுவிலுள்ள இரும்புத் தகட்டில் அருகருகே இரண்டு சிறு குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் செருகியிருக்கும் இரண்டு றப்பர் ஹோஸ்களே ஹீற்றருக்குரியவை. ஒவ்வொன்றும் எஞ்சினில் எங்கே போய் முடிகிறது என்று கையால் தடவிப் பாருங்கள்.

இப்போது இரண்டு பழைய ஹோஸ்களையும் கழற்றிவிட்டு, எஞ்சின் பக்கத்து இரண்டு வாய்களையும் ஒரே புதிய ஹோஸால் இணைத்து விடுங்கள். பல வண்டிகளுக்கு உள்விட்டம் 16 மில்லிமீற்றர் ஹோஸ் பொருந்தும். ஆனாலும் பழைய துண்டைக் கடைக்குக் கொண்டு போய் அளந்தே வாங்குங்கள். வீட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பிளாஸ்டிக் குழாய் ஆகாது. சூட்டுக்கு இளகிவிடும். ஹோஸ் மடியாமல் அகலமாக வளைய வேண்டும். காற்றாடி, பெல்ட், புகைக் குழாய் எதிலும் முட்டக் கூடாது. வாய்க்கு ஒன்றாக இரண்டு கிளிப்புகளை இறுக்குங்கள். ஹீற்றரின் இரண்டு குழாய்களிலும் மெல்ல ஊதி மிச்சத் தண்ணீரை எடுத்துவிட்டு, றப்பர் மூடியால் அடைத்து விடுங்கள்.

இங்கே இரண்டு தவறுகள் நடப்பதுண்டு. சிலர் ஹீற்றரின் வால்வை மட்டும் மூடிவிட்டு ஒழுக்கு நின்றதாக எண்ணுவார்கள். பல வண்டிகளில் அந்த வால்வு தண்ணீர் வரும் வழியை மட்டுமே மூடும். திரும்பிப் போகும் வழி திறந்திருப்பதால், அந்த வழியாலே அழுத்தம் ஏறி ஒழுக்குத் தொடரும். வேறு சிலர் எஞ்சினின் இரண்டு வாய்களையும் ஆணி வைத்து அடைத்து விடுவார்கள். சில எஞ்சின்களில் அது தண்ணீர் சுற்றும் வழியின் ஒரு பகுதி. அடைத்தால் சுற்று குழம்பும். ஆகவே அடைப்பதைவிட இணைப்பதே நல்லது.

வழியிலே ஒழுக்குக் கண்டாலும் இதே முறை கைகொடுக்கும். எஞ்சின் ஆறிய பின், இருக்கிற ஹோஸ் ஒன்றை ஹீற்றர்ப் பக்கம் கழற்றி, எஞ்சினின் மற்ற வாயில் செருகினால் வீடு வந்து சேரலாம். ஒரு ஸ்குறூ ட்ரைவர், இரண்டு கிளிப், 5 லீற்றர் நல்ல தண்ணீர் எப்போதும் வண்டியில் கிடக்கட்டும்.

இரண்டாம் வழி: புதிய கோர் போடுதல்

மலைநாட்டுக்கு ஓடும் வண்டியானால் ஹீற்றர் வேண்டும். மழையிலும் பனியிலும் முன்கண்ணாடி ஆவி பிடித்துப் பாதை மறையும்போது, சூடான உலர்ந்த காற்று அதைத் தெளிய வைக்கும். ஏசி வேலை செய்யாத பழைய வண்டிக்கு இது பாதுகாப்பு.

கோர் மாற்றும் வேலை கடினமானதல்ல. ஆனால் பொறுமை வேண்டும். முதலில் பற்றறியின் கழித்தல் முனையைக் கழற்றுங்கள். தண்ணீரை வடியுங்கள். பின்பு பக்கத்து ஆசனத்துக்கு முன்னாலுள்ள பெட்டியையும் அதன் அடித் தகட்டையும் எடுங்கள். சில மாதிரிகளில் கோர் பக்கவாட்டில் இழுபடும். சிலவற்றில் டாஷ்போர்ட் முழுவதையும் இறக்க வேண்டும். உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்த ஒருவரைக் கேட்ட பின்பே தொடங்குங்கள். ஒவ்வொரு படியையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வையுங்கள். கழற்றும் ஸ்குறூக்களை ஒரே சிரட்டையில் போடாமல், படிக்கொரு சிரட்டையில் போட்டு வரிசையாக வையுங்கள். பூட்டும்போது கடைசிச் சிரட்டையிலிருந்து தொடங்கலாம்.

இறுகிப்போன ஹோஸை முறுக்கி இழுக்காதீர்கள். கோரின் குழாய் மெல்லிய செம்பு, பித்தளை அல்லது அலுமினியம். இழுத்தால் கிழிந்து வரும். ஹோஸை நீளவாக்கில் கத்தியால் பிளந்து உரித்தெடுங்கள். ஹோஸ் போனாலும் குழாய் தப்பும்.

பழைய உதிரிப்பாகக் கடையில் கோர் வாங்கினால் அங்கேயே சோதியுங்கள். சைக்கிள் ரியூப் ஓட்டையைத் தேடும் அதே முறைதான். ஒரு வாயை அடைத்து, மற்ற வாயால் சைக்கிள் பம்பினால் மெல்லக் காற்றேற்றி, தண்ணீர் வாளிக்குள் அமுக்குங்கள். குமிழி வந்தால் வேண்டாம். உங்கள் பழைய கோர் செம்பு அல்லது பித்தளையானால் றேடியேற்றர் வேலை செய்பவர் ஈயம் வைத்து ஒட்டித் தர முடியும். அலுமினியத்தில் அந்த ஈயம் பிடிக்காது. மாற்றத்தான் வேண்டும்.

ஒழுக்கை அடைக்க மஞ்சள் தூள், முட்டை, கடையில் விற்கும் பொடி ஆகியவற்றைப் போடும் வழக்கம் உண்டு. ஒழுகும் துவாரம் எது, றேடியேற்றரின் நுண்ணிய குழாய் எது என்று பொடிக்குத் தெரியாது. ஒன்றை அடைக்கப் போய் மற்றதையும் அடைக்கும்.

பூட்டி முடித்ததும் வண்டியின் முன்பக்கத்தைச் சற்று மேட்டில் நிறுத்தி, ஹீற்றரின் பிடியைச் சூட்டுப் பக்கம் தள்ளி, மூடியைத் திறந்து வைத்தே மெல்லத் தண்ணீர் நிரப்புங்கள். எஞ்சினை மெதுவாக ஓட விட்டு, காற்றுக் குமிழி நிற்கும் வரை ஊற்றிக்கொண்டிருங்கள். முதல் வழியில் இணைத்த வண்டிக்கும் இப்படியே நிரப்ப வேண்டும். உள்ளே காற்று அகப்பட்டால் எஞ்சின் மீண்டும் சூடேறும். மறுநாள் காலையில் தண்ணீர் மட்டத்தை இன்னொரு முறை பாருங்கள்.

நோயின் வேர்: நாம் ஊற்றும் தண்ணீர்

கோரை மாற்றிவிட்டுப் பழைய தண்ணீரையே ஊற்றினால் அடுத்தது றேடியேற்றர் ஒழுகும். நம் கரையோரக் கிணறுகள் மணலில் தோண்டியவை. கடல் அருகில். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நம் கிணறுகள் எப்படி உவர்த்தன என்பதைக் கண்டோம். அலை வராத காலத்திலும் கரையோரத் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் உண்டு. சுண்ணாம்பு, கேத்தலின் அடியில் படிவது போலக் குழாய்களில் படியும். உப்பு உலோகத்தை அரிக்கும்.

மாரியில் கூரையிலிருந்து வழியும் மழைத் தண்ணீர் இதற்கு மிகவும் நல்லது. முதல் மழையில் கூரை கழுவுண்ட பின், ஓட்டுக் கூரைத் தண்ணீரைத் துணியால் வடித்து, மூடிய கலனில் 20 லீற்றர் எடுத்து வைத்தால் ஒரு வண்டிக்கு வருடம் முழுவதும் போதும். இல்லாவிட்டால் பற்றறிக்கு விடும் தண்ணீரை வாங்கலாம்.

அதனோடு கூலன்ட் சேர்க்க வேண்டும். "பனி உறையும் நாட்டுக்குத்தானே கூலன்ட்" என்று சிலர் கேட்பார்கள். உறையாமல் காப்பது அதன் வேலைகளில் ஒன்றுதான். துருவைத் தடுப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும், பம்பின் சீலைக் காப்பதும் மற்ற வேலைகள். நமக்கு வேண்டியவை இவையே. செறிவான கூலன்ட் என்றால் சரிபாதி தண்ணீர் கலப்பது வழக்கம். கலந்தே விற்பதானால் அப்படியே விடலாம். போத்தலில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஒரு நிறத்தோடு இன்னொரு நிறத்தைக் கலக்காதீர்கள். சாதாரணப் பச்சைக் கூலன்டை 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

ஓர் எச்சரிக்கை

பெரும்பாலான கூலன்ட்களில் உள்ள எதிலீன் கிளைக்கோல் என்ற பொருள் கொடிய நஞ்சு. அது இனிக்கும். அதனால்தான் ஆபத்து. குழந்தையும் நாயும் கன்றும் ஆசையாய்க் குடிக்கும். சிறிதளவும் சிறுநீரகத்தை அழித்து உயிரைக் குடிக்கும். குடித்த உடனே பெரிதாக ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். எவராவது குடித்துவிட்டால் அறிகுறி வரும் வரை காத்திராமல், அந்தப் போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நேரத்தோடு போனால் மாற்று மருந்து உண்டு.

வடித்த தண்ணீரை வாளியோடு முற்றத்தில் விட்டுப் போகாதீர்கள். வாய்க்காலிலும் கிணற்றடியிலும் ஊற்றாதீர்கள். சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். இறுக மூடிய கலனில், பெயர் எழுதி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்து, கழிவு எண்ணெய் சேர்க்கும் கராஜில் கேட்டுக் கொடுங்கள். நனைந்த காலடி விரிப்பையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காய விடுங்கள்.

குழுவில் கலந்துரையாட

1. எங்கள் வண்டியின் றேடியேற்றருக்கு இந்த மாதம் எத்தனை முறை தண்ணீர் விட்டோம்? அதைக் குறித்து வைக்கும் பொறுப்பு யாருக்கு?

2. ஒரு வண்டியைப் பல குடும்பங்கள் பாவிக்கும்போது, ஒருவர் கண்ட பழுதை மற்றவருக்குச் சொல்லும் ஒழுங்கு நம்மிடம் இருக்கிறதா?

3. எங்கள் வண்டி மலைநாட்டுக்குப் போகிறதா? ஹீற்றர் வேண்டுமா, விலக்கிவிடலாமா?

4. மழைத் தண்ணீரைச் சேமிக்க எந்த வீட்டின் கூரை வசதியானது?

டாஷ்போர்டில் ஒரு சிறு கொப்பியையும் பென்சிலையும் நூலில் கட்டித் தொங்க விடுங்கள். காலையில் வண்டியை எடுப்பவர் மூடியைத் திறந்து பார்த்து, தேதியையும் விட்ட தண்ணீரின் அளவையும் எழுதட்டும். மூன்று நாள் தொடர்ந்து தண்ணீர் குறைந்தால் நாலாம் நாள் நெல் ஏற்ற வேண்டாம். அன்று ஒழுக்கைத் தேடுங்கள். நெல் ஒரு நாள் காத்திருக்கும். எரிந்த எஞ்சினைத் திருத்த ஒரு போகம் போய்விடும்.